விறைப்பே வீரமா?

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் என் இங்கிலாந்துப் பயணத்தைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தபோது, போகிற போக்கில் ஒரு வாக்கியம் எழுதி வைத்தேன்: "என் அக்காள் மகன் ஒரு நல்ல பழைய காரை வாங்கி, அதன் முன்பக்கத்து ஸ்பிரிங்குகளை மாற்றி, அதைக் கெடுத்து வைத்திருக்கிறான்." நான் எழுதிய எந்தக் கதைக்கும் வராத கோபம் இந்த ஒரு வாக்கியத்துக்கு வந்துவிட்டது. பெண்ணைக் கொடுமைப்படுத்துகிற கணவனைப் பற்றி எழுதினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஸ்பிரிங்கைப் பற்றி எழுதினேன், ஒன்பது கடிதங்கள்!

அவற்றில் ஒன்று, மரியாதையாகவே, இப்படி முடிந்திருந்தது: "கதை எழுதுகிறவர்கள் கதை எழுதட்டும். காருக்கு எந்த ஸ்பிரிங் போடுவது என்பதைக் காரைப் பற்றித் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்."

ஐயா, நான் இன்டர்மீடியட் வரை படித்தவன். பௌதிகத்தில் தட்டுத் தடுமாறித் தேறியவன். ஆனால் செருப்புத் தைக்கத் தெரியாதவனுக்கும் அது கடிக்கிற இடம் தெரியும். அந்தக் காரில் நான் உட்கார்ந்து போயிருக்கிறேன். என் அக்காளும் உட்கார்ந்து போயிருக்கிறாள். அந்த யோக்கியதையில்தான் இதை எழுதுகிறேன். கோபத்தோடு கடிதம் எழுதியவர்கள், கோபத்தோடேனும் கடைசிவரை படிக்க வேண்டும்.

முதலில் அந்தக் கார். 1971-ஆம் வருஷத்து எம்.ஜி.பி.; திறந்த கார்; இரண்டே பேர் உட்காரலாம். ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்ற சிற்றூரில் சிட் எனெவர் என்ற தலைமை எஞ்சினீயரின் பொறுப்பில் உருவாகி, 1962-இல் வெளிவந்து, 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி. அதன் 1798 சி.சி. எஞ்சின், நம் அம்பாஸடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சி.சி. எஞ்சினுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். இரண்டும் ஒரே 'பி' வரிசையில் பிறந்தவை. பானெட்டைத் திறந்து பார்த்ததும், வெளிநாட்டில் உறவுக்காரரைச் சந்தித்ததுபோல் எனக்கு ஒரு சந்தோஷம்.

என் அக்காள் மகன் நியூபரிக்குப் பக்கத்தில் டாக்டராக இருக்கிறான். ஒரு கிழவரிடமிருந்து அந்தக் காரை வாங்கினான். வாங்கிய மூன்றாவது மாதம், முன்பக்கத்து ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, ஏதோ ஒரு காட்டலாக்கைப் பார்த்து, கட்டையாகவும் விறைப்பாகவும் இரண்டு ஸ்பிரிங்குகளை வரவழைத்துப் போட்டான். கார் ஓர் அங்குலத்துக்கு மேல் தாழ்ந்தது. தாழ்ந்ததும் பார்ப்பதற்குப் பாயப் போகிற புலியைப் போல் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

பிரசவத்துக்கு உதவியாகப் போயிருந்த என் அக்காளை அவன் ஒரு நாள் ஆசையோடு அதில் ஏற்றிக்கொண்டு போனான். அவளுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி நான்கு வருஷம். திரும்பி வந்து இறங்கியதும், "நல்லா இருக்குப்பா" என்றாள் மகனிடம். சமையலறையில் என்னிடம் சொன்னாள்: "தம்பி, நம்ம ஊர்க் கட்டை வண்டியே தேவலைடா." பிறகு இரண்டு நாள் படுத்திருந்தாள். ஜலதோஷம் என்று மகனிடம் சொல்லிக்கொண்டாள். ஸ்பிரிங் தாங்கியிருக்க வேண்டியதை அவள் தாங்கினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் முறை. கார் பிறந்த ஊரைக் காட்டுகிறேன் என்று ஆபிங்டனுக்கு அழைத்துக்கொண்டு போனான். தூறல் போட்டு ஓய்ந்திருந்தது. பெர்க்ஷயர் குன்றுகளுக்கிடையே வளைந்து வளைந்து போகிற குறுகிய சாலை. இரண்டு பக்கமும் செடி வேலி. "பாத்தீங்களா மாமா, ரோட்டை எப்படிக் கவ்விக்கிட்டுப் போகுது!" என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாலையில் கிடக்கிற ஒவ்வொரு கூழாங்கல்லும் என் முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவிடமும் தனித்தனியே விசாரித்துவிட்டுப் போயிற்று.

வலது பக்கம் வளைகிற ஒரு திருப்பம். வேகம் மணிக்கு 45 மைல் இருக்கும். திருப்பத்தின் நடுவில், குழாய் புதைத்து மூடிய தழும்பு ஒன்று சாலையின் குறுக்கே மேடாக நின்றது. முன்சக்கரங்கள் அதில் மோதின, எழும்பின. ஸ்டியரிங் வலப்பக்கம் திரும்பித்தான் இருந்தது. கார் மட்டும் திரும்பவில்லை. ஒரு கணம், நேராக, இடப்பக்கத்து வேலியை நோக்கிப் போயிற்று. வேலிச் செடி என் தோளைத் தடவிவிட்டு விலகிற்று. அந்தப் பக்கத்தில் ஒரு சைக்கிள்காரர் வந்துகொண்டிருக்கவில்லை. அதனால்தான் இது கட்டுரையாக இருக்கிறது.

கொஞ்ச தூரம் போனபிறகு அவன் சொன்னான்: "ரோடு சரியில்லை மாமா."

ரோடு சரியில்லையாம்! என் கோபம் முழுவதும் இந்த ஒரு வார்த்தையின்மேல்தான். ரோடு சரியாக இருந்தால் ஸ்பிரிங் எதற்கு ஐயா? ரோடு ஒருநாளும் சரியாக இருக்கப் போவதில்லை என்று தெரிந்துகொண்ட மனிதன் செய்த பொருள் அல்லவா அது? மாடு நடக்கிற வேகத்துக்குக் கட்டை வண்டி போதும். அதற்கு ஸ்பிரிங் கிடையாது. அந்த வேகத்தைத் தாண்டியதும், மேடு வந்தால் சக்கரம் மட்டும் ஏறி இறங்க வேண்டும், வண்டி தன்பாட்டில் போக வேண்டும், சக்கரமோ ஒருபோதும் மண்ணை விட்டு அகலக் கூடாது என்ற தேவை வந்தது. ஸ்பிரிங்கின் முதல் வேலை சௌகரியம் என்று நினைக்கிறார்கள். இல்லை. சக்கரத்தைச் சாலையோடு சேர்த்து வைப்பதுதான் அதன் முதல் வேலை. காற்றில் நிற்கிற டயர் திரும்பவும் திருப்பாது, நிறுத்தவும் நிறுத்தாது. என் முதுகெலும்பு சொன்னதும், அந்தத் திருப்பத்தில் டயர் சொன்னதும் ஒரே சேதி.

இனி, கடிதங்கள் சொல்லும் நியாயங்களுக்கு வருகிறேன்.

முதல் நியாயம்: "பந்தயக் கார்களைப் பாருங்கள், எவ்வளவு விறைப்பு!" பார்ப்போம். 1970-களின் கடைசியில் லோட்டஸ் கம்பெனி, காரின் அடிவயிற்றையே தலைகீழான இறக்கைபோல் அமைத்து, காற்றைக்கொண்டு காரைத் தரையோடு அழுத்துகிற வித்தையைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தது. அந்த அழுத்தம் நிலையாக இருக்கவேண்டுமானால், காருக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி மாறக் கூடாது. ஆகவே ஸ்பிரிங்குகளை இரும்புத் தூணாக்கினார்கள். 1981, 82-இல் அந்தக் கார்களை ஓட்டியவர்கள் முதுகு நொந்து இறங்கினார்கள். 1983-இல் தட்டையான அடிப்பாகம்தான் இருக்க வேண்டும் என்று விதியையே மாற்றினார்கள். அவர்கள் விறைப்பை விரும்பவில்லை. காற்றின் அழுத்தத்துக்கு விலையாகக் கொடுத்தார்கள். உங்கள் எம்.ஜி.பி.யை எந்தக் காற்று கீழே அழுத்துகிறது? சரக்கு வாங்காமல் விலையை மட்டும் கொடுத்துவிட்டு வருகிறவனை ஊரில் என்னவென்று சொல்வார்கள்?

அந்த லோட்டஸ் கம்பெனியை உண்டாக்கிய காலின் சாப்மன் சாலைக்கென்று கார் செய்தபோது என்ன செய்தார்? எம்.ஜி.பி. வந்த அதே 1962-இல் அவருடைய எலான் வந்தது. திருப்பத்தில் அதைப்போல் நடந்துகொள்கிற கார் அரிது என்று இன்றுவரை புகழப்படுகிற வண்டி. அதன் ஸ்பிரிங்குகள் மென்மையானவை! ஸ்பிரிங்கை இளக்கமாக வைத்து, சக்கரம் ஏறி இறங்க நீண்ட இடம் கொடுத்து, ஆட்டத்தை ஷாக் அப்ஸார்பரைக் கொண்டு அடக்கினார். பந்தயத்தை அவரைவிட அறிந்தவர்கள் கடிதம் எழுதியவர்களில் யாராவது இருந்தால் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது நியாயம்: "பழைய ஸ்பிரிங் தளர்ந்துபோய்விட்டது; இளகிப்போய்விட்டது. ஆகவே விறைப்பாகப் போட்டோம்." இதில் பாதி உண்மை. பல வருஷம் பாரம் சுமந்த ஸ்பிரிங் குட்டையாகிறது, கார் தாழ்கிறது. தனியாகவே ஓட்டுகிறவனின் காரில் அவன் உட்காருகிற பக்கம் இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருக்கலாம். ஆனால், குட்டையாவது வேறு, இளகுவது வேறு. ஸ்பிரிங்கின் விறைப்பை நிர்ணயிப்பவை நான்கு: எஃகின் இயல்பு, கம்பியின் கனம், சுருளின் அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை. வயதானதால் இவற்றில் எது மாறிற்று? துருப்பிடித்துக் கம்பி அரித்துப்போனால் ஒழிய, ஒன்றும் மாறவில்லை. ஓர் அங்குலம் அமுக்குவதற்கு அன்று எத்தனை ராத்தல் வேண்டியிருந்ததோ, இன்றும் ஏறக்குறைய அத்தனைதான். 1678-இல் ராபர்ட் ஹூக் அச்சிட்டு வெளியிட்ட விதி இதற்கெல்லாம் அடிப்படை. தாழ்ந்த ஸ்பிரிங்குக்கு மருந்து, அதே விறைப்பில், சரியான உயரத்தில், புதிய ஜோடி. கிழவருக்குக் கூன் விழுந்தால் இரும்புச் சட்டை போடுவது வைத்தியமா?

கம்பியின் கனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விறைப்பு அதன் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. கம்பி பத்தில் ஒரு பங்கு கனத்தால், விறைப்பு ஏறக்குறைய பாதி கூடிவிடும். கண்ணுக்கு இரண்டு ஸ்பிரிங்கும் ஒன்றுபோலவே இருக்கும். சுற்றை அறுத்துக் காரைத் தாழ்த்துகிற மகானுபாவர்களும் இருக்கிறார்கள். வேலை செய்கிற எட்டுச் சுற்றில் ஒன்றை அறுத்தால் விறைப்பு ஏழில் ஒரு பங்கு கூடும். அதோடு, அறுத்த முனை தன் இருப்பிடத்தில் ஒழுங்காக உட்காராது.

மூன்றாவது நியாயம்தான் எல்லாருக்கும் பிடித்தது: "திருப்பத்தில் கார் சாய்கிறது, சாயாமல் இருக்க விறைப்பு வேண்டும்." சாய்வதைக் குறைப்பதற்கென்றே ஒரு பொருள் இருக்கிறது. ஆன்டி-ரோல் பார் என்று பெயர். இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கிற ஒரு முறுக்குக் கம்பி. நேர்ச்சாலையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் அது சும்மா இருக்கும்; திருப்பத்தில் ஒன்று ஏறி ஒன்று இறங்கும்போது முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். ஸ்பிரிங்கைத் தொடாமலே சாய்வு குறைகிறது. அதுவும் அளவோடு இருக்க வேண்டும். மீறினால் ஒரு சக்கரத்தின் அடியை மற்ற சக்கரத்துக்கும் கடத்தும்.

தாழ்த்தினால் சாய்வு குறையும் என்பதும் முழு உண்மை அல்ல. எம்.ஜி.பி.யின் முன்சக்கரம் மேலும் கீழும் இரண்டு கைகளால் பிடிக்கப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட அமைப்பில் காரைத் தாழ்த்தினால் கைகளின் கோணம் மாறுகிறது. கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி பெரும்பாலும் கார் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடுகிறது. பாரத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள தூரம் கூடுகிறது. அதாவது, கார் சாய்வதற்கு இன்னும் நீளமான நெம்புகோல் கிடைக்கிறது! அதை அடக்க இன்னும் விறைப்பு. தாழ்ந்ததால் சக்கரம் ஏறுவதற்கு இருந்த இடமும் குறைந்துவிட்டது. மேட்டில் சக்கரம் சீக்கிரமே ரப்பர்க் கட்டையில் போய் முட்டுகிறது. முட்டிய கணத்தில் ஸ்பிரிங் என்ற ஒன்றே இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. அந்தக் குழாய்த் தழும்பில் எங்களுக்கு நேர்ந்தது இதுதான்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். எம்.ஜி.பி.யின் முன்பக்கத்தில் மேல் கையாக இருப்பதே ஷாக் அப்ஸார்பரின் நெம்புகைதான். அது பழைய ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் அளவுக்குத் திட்டம் செய்யப்பட்டது. முரட்டு மாட்டைக் கட்டிவிட்டுப் பழைய மூக்கணாங்கயிற்றையே வைத்துக்கொள்வதுபோல, விறைத்த ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டுப் பழைய ஷாக்கையே விட்டுவைத்தால், யார் யாரை அடக்குவது?

காட்டலாக்கில் அச்சிட்டிருக்கிற எண்ணும் வாங்குகிறவனை ஏமாற்றும். அங்கே போட்டிருப்பது ஸ்பிரிங்கின் விறைப்பு. சக்கரம் உணர்வது வேறு. ஒரு கணக்கு சொல்கிறேன். கையாளச் சுலபமான எண்கள், எந்தக் காரின் கணக்கும் அல்ல. ஸ்பிரிங் கையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் இரண்டு அங்குலம் ஏறினால் ஸ்பிரிங் ஓர் அங்குலம்தான் அமுங்கும். அதன் பலமும் சக்கரத்தில் பாதியாகத்தான் தெரியும். பாதியில் பாதி கால். அங்குலத்துக்கு 400 ராத்தல் ஸ்பிரிங், சக்கரத்தில் 100 ராத்தல்தான். அந்தச் சக்கரத்தின்மேல் 440 ராத்தல் பாரம் இருந்தால், கார் நிற்கும்போதே 4.4 அங்குலம் அமுங்கியிருக்கும். ஆடவிட்டால் நிமிஷத்துக்கு 90 தடவை ஆடும். 600 ராத்தல் ஸ்பிரிங்கைப் போடுங்கள், அமுங்குவது 3 அங்குலத்துக்கும் குறைவு, ஆட்டம் 110. இருபதுதானே வித்தியாசம் என்கிறீர்களா? சாதாரணமாக நடக்கிறவனின் காலடி நிமிஷத்துக்கு நூறை ஒட்டி இருக்கும். 90 நிதானமான நடை. 110 பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவனின் நடை. பிறந்ததுமுதல் நடந்து பழகிய உடம்புக்கு அந்த இருபதின் அர்த்தம் தெரியும்.

முன்பக்கத்துக்குத்தான் மென்மை முக்கியம் என்று நான் வற்புறுத்துவதற்குச் சரித்திரமும் காரணம். ரோல்ஸ்-ராய்ஸில் இருந்த மாரிஸ் ஆலி என்ற எஞ்சினீயர் 1930-இல் அமெரிக்காவில் காடிலாக்குக்குப் போனார். பாரங்களை இடம் மாற்றி மாற்றி வைக்கக்கூடிய ஒரு பரிசோதனைக் காரில் மனிதர்களை ஏற்றி ஓட்டிப் பார்த்தார். அவர் கண்டது இது: முன்பக்கம் பின்பக்கத்தைவிட மெதுவாக ஆட வேண்டும். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். பின்சக்கரம் பிறகு வருகிறது. தாமதமாக ஆடத் தொடங்குகிற பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால், முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். இரண்டும் சேர்ந்து எழுந்து சேர்ந்து அடங்கும். மாறாக இருந்தால், கார் மூக்கை ஆட்டிக்கொண்டே போகும்.

அதுவரை, முன்பக்கத்தில் ஒரே அச்சில் இரண்டு சக்கரத்தையும் மாட்டிய கார்களில் ஸ்பிரிங்கை இளக்கினால் சக்கரங்கள் வெடவெடவென்று உதறின. அதனால் விறைப்பாக வைத்தார்கள். முன்சக்கரங்களைத் தனித்தனியே தொங்கவிடுகிற முறை 1934-ஆம் வருஷத்துக் காடிலாக்கில் வந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், முன்பக்கத்தை மென்மையாக்க வேண்டும் என்பதே. மென்மைக்காகக் கண்டுபிடித்த அமைப்பை வாங்கி, அதில் இரும்புத் தூணைச் செருகிவிட்டு, 'முன்னேற்றம்' என்று சொல்லிக்கொள்கிறார்கள்!

எதிர்க்கட்சிக்குச் சேர வேண்டியதையும் கொடுத்துவிடுகிறேன். வழவழப்பான பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுகிறவனுக்கு என் வாதம் பொருந்தாது. அவன் விறைப்பாகவே போட்டுக்கொள்ளட்டும். எம்.ஜி.பி.யிலேயே 1974-இல், அமெரிக்கச் சட்டத்துக்காகக் காரை ஒன்றரை அங்குலம்போல் உயர்த்திக் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டினார்கள். அது சட்டத்துக்குச் செய்த காரியம், சாலைக்குச் செய்ததல்ல. திருப்பங்களில் அதன் நடை கெட்டது. 1976-இல் முன்னும் பின்னும் ஆன்டி-ரோல் பார் போட்டு அதைச் சரிக்கட்டினார்கள். அப்படி உயர்த்திய காரைப் பழைய உயரத்துக்கு இறக்குகிறவனோடு எனக்குச் சண்டை இல்லை.

அப்படியானால் எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? முதலில் அளவெடுங்கள். சமதரையில், சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் வளைவுவரை, நான்கு பக்கமும். டயரில் காற்று, ரப்பர் புஷ்கள், ஷாக்குகளில் எண்ணெய், இவற்றைப் பாருங்கள். பாதிக் குறை அங்கேயே இருக்கும். இதே வண்டியிலும் திறந்த கார் ஒரு பாரம், கூரை போட்ட ஜி.டி. வேறு பாரம், ஒன்றின் ஸ்பிரிங் மற்றொன்றுக்கு ஆகாது. எந்தச் சாலையில், யாரை உட்கார வைத்து ஓட்டப்போகிறீர்கள் என்று உங்களையே கேளுங்கள். எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். அமுங்கிய ஸ்பிரிங்கைக் கழற்றும்போது ஜாக்கிரதை. அது துள்ளினால் ஆளையே கொன்றுவிடும். ஐயம் இருந்தால், ஆபிங்டன்காரன் என்ன போட்டானோ அதையே போடுங்கள்.

கடைசிக் கடிதம் ஒற்றை வரி: "என் கார், என் இஷ்டம்."

எனக்கு இதுதான் பயங்கரமாக இருக்கிறது. விறைத்தவன் வீரன், வலித்தால்தான் வேகம், நொந்தால்தான் ஆண்மை என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. அதற்காகக் காசு கொடுக்கிறார்கள். கொடுத்த காசுக்கு வலியும் கிடைக்கிறது. ஆனால் அந்த வலியை யார் படுகிறார்கள்? ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், மேடு வருவது அவனுக்குத் தெரியும், இறுக்கிக்கொள்வான். பக்கத்தில் இருப்பவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு, ஜலதோஷம் என்று படுத்துக்கொள்கிறாள். இருக்கை இரண்டாக இருக்கிறவரையில், சாலையில் இன்னொருவன் சைக்கிளில் வருகிறவரையில், கார் உங்களுடையதாக இருக்கலாம். இஷ்டம் உங்களுடையது மட்டும் அல்ல.

பழைய ஸ்பிரிங்குகள் இரண்டும் அவனுடைய கராஜ் மூலையில், எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கின்றன. கிழவர் நல்ல மனுஷர்; இருபது வருஷம் அவற்றின்மேல் ஓட்டியிருக்கிறார். எறிந்துவிடாமல் வைத்திருக்கிறாயே, ஏன் என்று நான் புறப்படுகிற அன்று கேட்டேன்.

"இருக்கட்டும் மாமா, என்னைக்காவது வேணும்ல" என்றான்.

அந்த 'என்றைக்காவது' எப்போது வரும் என்று எனக்குத் தெரியவில்லை. அக்காள் அடுத்த கோடையில் மறுபடியும் போகிறாள். அதற்குள் வந்துவிட்டால் நல்லது.